3.1 ஜிபிஏவுடன் அமெரிக்க மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்குமா?

நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய மகள் அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிரியல் படிக்கிறார். மூன்றாம் ஆண்டை இப்போதுதான் முடித்திருக்கிறார். மொத்த ஜிபிஏ, அதாவது 4.0க்குக் கணக்கிடும் கிரேடு சராசரி, 3.1. முதல் இரண்டு ஆண்டுகளில் வேதியியல், இயற்பியல் பாடங்களில் சி கிரேடுகள் விழுந்துவிட்டன. மூன்றாம் ஆண்டில் நிலைமை ஓரளவு தேறியிருக்கிறது. மருத்துவப் படிப்பை மறந்துவிட வேண்டுமா, இந்த ஜூன் மாதமே விண்ணப்பித்துப் பார்க்கலாமா, அல்லது கரீபியன் தீவுக் கல்லூரி ஒன்றில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறார்.

முதலில் நேரடியான பதில். மறக்க வேண்டியதில்லை. இந்த ஜூனில் விண்ணப்பிக்க வேண்டாம். கரீபியன் கல்லூரியைப் பற்றி இன்னும் மூன்று ஆண்டுகளுக்குப் பேச்சே எடுக்க வேண்டாம். பல ஆண்டுகளாக மருத்துவப் படிப்புக்கு முயலும் இளநிலை மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லி வருபவன் என்ற முறையில், இந்த மூன்றுக்கும் காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். குறைந்த ஜிபிஏவால் வாய்ப்பை இழந்தவர்களைவிட, குறைந்த ஜிபிஏவோடு அவசரப்பட்டு விண்ணப்பித்ததால் வாய்ப்பை இழந்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எண்களை மறைப்பதில் பயனில்லை. அண்மை ஆண்டுகளில் எம்.டி. என்ற அடிப்படை மருத்துவப் பட்டம் தரும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஆண்டுதோறும் சுமார் 52,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள். சுமார் 23,000 பேர் சேர்கிறார்கள். சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.8ஐ ஒட்டியும், மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டின் மதிப்பெண் 512ஐ ஒட்டியும் இருக்கிறது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி, எந்த ஜிபிஏவும் எந்த எம்கேட்டும் கொண்டவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்ற அட்டவணையை இலவசமாகவே வெளியிடுகிறது; அதை நீங்களும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். 3.8க்கு மேல் ஜிபிஏவும் 517க்கு மேல் எம்கேட்டும் வைத்திருப்பவர்களில்கூட எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடவில்லை என்பதையும், 3.0க்கும் 3.2க்கும் இடைப்பட்ட வரிசையிலும் ஒவ்வோர் ஆண்டும் இடம் பெறுபவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் அந்த அட்டவணை ஒருசேரக் காட்டுகிறது. ஆனால் அந்தக் கீழ் வரிசையில் இருந்து உள்ளே போனவர்கள் பட்டம் வாங்கிய பிறகு என்னென்ன செய்தார்கள் என்பதை அட்டவணை காட்டாது. இனி நான் எழுதப்போவது அதைப் பற்றித்தான்.

சேர்க்கைக் குழு குறைந்த ஜிபிஏவைக் கண்டதும் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: இவரால் மருத்துவக் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளைத் தாக்குப்பிடிக்க முடியுமா, உரிமத் தேர்வுகளில் தேற முடியுமா? இடையில் படிப்பை விடும் ஒவ்வொரு மாணவரும் கல்லூரிக்கு நிரப்ப முடியாத ஒரு காலியிடம். அந்த மாணவருக்கோ தலைமேல் ஏறிய கடன். ஆகவே குழு இந்தக் கேள்வியை இரக்கமில்லாமல் கேட்கிறது என்று எண்ண வேண்டாம். நம் வீடுகளில் பலரும் செய்வது என்னவென்றால், இந்தக் கேள்விக்கு வேறு பதில்களைக் கொடுப்பது. இன்னும் கொஞ்சம் தன்னார்வப் பணி, இன்னொரு ஆய்வகத்தில் கோடைக்கால வேலை, தெரிந்த மருத்துவரிடமிருந்து இன்னொரு பரிந்துரைக் கடிதம் என்று கோப்பைக் கனமாக்குகிறார்கள். அவை எல்லாம் நல்லவை, தேவையானவையும்கூட. ஆனால் படிப்பில் எழுந்த சந்தேகத்துக்குப் படிப்பால்தான் பதில் சொல்ல முடியும்.

அதற்கு முன்னால், ஏன் இப்படி ஆயிற்று என்பதை உங்கள் மகள் தமக்குத் தாமே நேர்மையாகக் கண்டறிய வேண்டும். பள்ளியில் மனப்பாடத்தால் சமாளித்தவர், கரிம வேதியியலில் வினைவழிகளைப் புரிந்துகொள்ளாமல் ஒப்பித்துத் தடுமாறினாரா? மனச்சோர்வோ கவனக்குறைபாடோ இருந்து யாரும் கவனிக்கவில்லையா? ஒரே பருவத்தில் இயற்பியல், கரிம வேதியியல், மரபியல் மூன்றையும் ஆய்வகத்தோடு எடுத்துக்கொண்டாரா? வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலைக்குப் போனாரா? அல்லது, இதையும் கேட்டாக வேண்டும், மருத்துவம் அவருடைய விருப்பமே இல்லையா? காரணம் தெரியாமல் அடுத்த ஆண்டும் அதே பாணியில் உழைப்பது, கிடைத்த சி கிரேடுகளோடு இன்னும் சிலவற்றைச் சேர்ப்பதில்தான் முடியும். இந்த உரையாடலில் பெற்றோர் கேட்பவர்களாக இருப்பது நல்லது. "உன் அத்தை மகன் எப்படி வாங்கினான்" என்ற ஒரு வாக்கியம் போதும், உண்மையான காரணம் வெளியே வராமல் போக.

இப்போது கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் பலரும் தவறான நம்பிக்கை வைக்கிறார்கள். உங்கள் மகள் மூன்று ஆண்டுகளில் 90 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) முடித்திருக்கிறார் என்று கொள்வோம். 90ஐ 3.1ஆல் பெருக்கினால் 279 தரப்புள்ளிகள். நான்காம் ஆண்டின் 30 கிரெடிட்டிலும் 3.9 எடுத்தால் 117 புள்ளிகள் சேர்ந்து 396. அதை 120ஆல் வகுத்தால் 3.3. பட்டம் பெற்ற பிறகு இன்னுமோர் ஆண்டு, 30 கிரெடிட், அதே 3.9 என்றால் 513ஐ 150ஆல் வகுக்க 3.42 வருகிறது. இரண்டு ஆண்டுகள் ஏறத்தாழக் குறையே இல்லாமல் படித்தாலும் மொத்த ஜிபிஏ 3.1இலிருந்து 3.42க்குத்தான் ஏறுகிறது. 3.8 என்ற சராசரியை எட்டிப் பிடிப்பது இந்தக் கணக்கில் நடக்காத காரியம்.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ், ஜிபிஏவை ஒற்றை எண்ணாகக் கொண்டுபோய்க் குழுவின் முன் வைப்பதில்லை. அது ஒரு கட்டமாக அச்சாகிறது. இடமிருந்து வலமாக மூன்று பத்திகள்: உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்கும் சேர்ந்த அறிவியல் ஜிபிஏ, பிற பாடங்களின் ஜிபிஏ, மொத்தம். மேலிருந்து கீழாக வரிசைகள்: முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு, பட்டத்துக்குப் பிந்தைய இளநிலைப் பாடங்கள், அவற்றின் கூட்டு, தனியாக முதுநிலை. அனுபவமுள்ள உறுப்பினரின் கண் முதலில் போவது அறிவியல் பத்திக்கு. அதில் மேலிருந்து கீழே இறங்கும். மொத்தம் 3.3 உள்ள இருவரில் ஒருவருடைய அறிவியல் பத்தி 2.6இல் தொடங்கி 3.9இல் முடிந்து, மற்றவருடையது 3.7இல் தொடங்கி 2.9இல் முடிந்தால், அந்த இருவரும் குழுவின் பார்வையில் ஒரே தரத்தினர் அல்லர். முதலாமவர் வளர்ந்திருக்கிறார். உங்கள் மகளின் மூன்றாம் ஆண்டு தேறியிருக்கிறது என்றீர்கள். அந்த ஏறுமுகம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இந்த ஜூனில் விண்ணப்பித்தால் குழு பார்க்கப்போவது தொடக்கத்தை மட்டுமே.

சி வாங்கிய பாடங்களைத் திரும்பப் படிக்கலாமா என்ற கேள்வியும் இதோடு வரும். உங்கள் பல்கலைக்கழகம் பழைய கிரேடை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் கணக்கில் கொள்ளக்கூடும். ஆம்காஸ் அப்படிச் செய்வதில்லை. இரண்டு முயற்சிகளையும் சேர்த்தே கணக்கிடும். ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டமான டி.ஓ. தரும் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் பழைய கிரேடை மாற்றிக்கொள்ளும் வசதி முன்பு இருந்தது. 2017இல் அதுவும் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே சி-க்கும் கீழே போன கட்டாயப் பாடங்களையும், அடித்தளம் உண்மையிலேயே ஆட்டம் காணும் பாடங்களையும் மட்டும் திரும்பப் படிக்கட்டும். மற்றபடி உயிர்வேதியியல், உடலியங்கியல், செல் உயிரியல், நோயெதிர்ப்பியல் போன்ற மேல்நிலைப் பாடங்களில் ஏ வாங்குவதே வலுவான சான்று. பொது வேதியியலில் சி வாங்கிய ஒருவர் பிறகு உயிர்வேதியியலில் ஏ வாங்கினால், பழைய சி-யைப் பற்றி யாரும் நீண்ட நேரம் பேசப்போவதில்லை.

பட்டத்துக்குப் பிறகு இதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, போஸ்ட்-பேக் எனப்படும் பட்டத்துக்குப் பிந்தைய இளநிலைப் படிப்பு. இதில் முறையான திட்டங்களும் உண்டு. அருகிலுள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் தாமாகவே பாடங்களைத் தேர்ந்து படிப்பதும் உண்டு. பின்னது செலவு குறைவு, அந்தக் கிரேடுகள் இளநிலை ஜிபிஏவோடு சேரும், வேலையும் பார்த்துக்கொண்டு படிக்கலாம். மற்றொன்று, எஸ்எம்பி எனப்படும் சிறப்பு முதுநிலைத் திட்டம். ஜார்ஜ்டவுன், பாஸ்டன், டஃப்ட்ஸ், டிரெக்சல் போன்ற பல்கலைக்கழகங்களில் இவ்வகைப் படிப்புகள் இருக்கின்றன. இவற்றில் சிலவற்றில் மாணவர்கள் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர்களோடு அதே வகுப்பில் அமர்ந்து அதே தேர்வை எழுதுகிறார்கள். அங்கே நன்றாகச் செய்தால், "இவரால் முடியுமா" என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் இல்லை. ஆனால் அந்தக் கிரேடுகள் முதுநிலை வரிசையில் தனியாக நிற்குமே தவிர, இளநிலை ஜிபிஏவை உயர்த்தா. அங்கே பி கிரேடுகள் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், முன்பிருந்ததைவிட மோசமான நிலையில் நிற்க வேண்டியிருக்கும். திரும்பிப் போக வழியும் இருக்காது. செலவும் பல பத்தாயிரம் டாலர். உங்கள் மகளின் 3.1க்கு முதலில் போஸ்ட்-பேக் போதும் என்பது என் கருத்து. 3.0க்குக் கீழே இருந்து, எவ்வளவு கிரெடிட் சேர்த்தாலும் இளநிலை எண் அசையாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கும், ஒரு முறை விண்ணப்பித்து இடம் கிடைக்காதவர்களுக்கும் எஸ்எம்பியை நான் பரிந்துரைப்பதுண்டு.

எம்கேட் தேர்வு இந்தச் சான்றின் இரண்டாம் பாதி. 472இலிருந்து 528 வரை மதிப்பெண். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 118 முதல் 132 வரை. ஜிபிஏ தாழ்ந்திருப்பவருக்கு இங்கே சராசரி மதிப்பெண் உதவாது. எம்.டி. கல்லூரிகளுக்கு 512க்கு மேல் இலக்கு வைக்க வேண்டும். இந்தத் தேர்வை ஓராண்டில் மூன்று முறையும், அடுத்தடுத்த ஈராண்டுகளில் நான்கு முறையும், வாழ்நாளில் ஏழு முறையும் மட்டுமே எழுதலாம். அதைவிட முக்கியமானது, எழுதிய ஒவ்வொரு முயற்சியின் மதிப்பெண்ணும் கல்லூரிகளுக்குத் தெரியும். "ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும், அனுபவமாக இருக்கும்" என்று நம் ஊர் நுழைவுத் தேர்வுகளுக்குச் சொல்வதுபோல இதற்குச் சொல்லிவிடாதீர்கள். ஏஏஎம்சியே விற்கும் முழுநீள மாதிரித் தேர்வுகளைத் தேர்வு நாளின் ஒழுங்கோடு எழுதிப் பார்த்து, அவற்றின் சராசரி இலக்கைத் தொட்ட பிறகே உண்மைத் தேர்வுக்குப் போக வேண்டும். பத்தியைப் படித்துத் தர்க்கம் செய்யும் பகுதிக்கு மனப்பாடம் எந்த வகையிலும் கைகொடுக்காது. அதற்கு மாதக்கணக்கில் வாசிப்புப் பழக்கம் வேண்டும். அதை இன்றே தொடங்கலாம், செலவும் இல்லை.

டி.ஓ. கல்லூரிகளைப் பற்றித் தமிழ்க் குடும்பங்களில் நிலவும் தயக்கத்தை வெளிப்படையாகவே பேச விரும்புகிறேன். ஆஸ்டியோபதி மருத்துவம் அமெரிக்காவில் 1892இல் மிசூரியின் கர்க்ஸ்வில்லில் தொடங்கிய கல்வி மரபு. இன்று அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் டி.ஓ. மருத்துவர்களுக்கு எம்.டி. மருத்துவர்களுக்கு உள்ள அதே முழு உரிமம் உண்டு. மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். 2020இலிருந்து இரு பட்டத்தாருக்கும், பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் ரெசிடென்சிப் பயிற்சிக்கு ஒரே அங்கீகார அமைப்புதான். சேர்பவர்களின் சராசரி ஜிபிஏ 3.6ஐயும், எம்கேட் 504ஐயும் ஒட்டி இருக்கின்றன. 3.4 ஜிபிஏவும் 510 எம்கேட்டும் கொண்ட ஒருவர் இங்கே உறுதியான போட்டியாளர். சில அறுவை சிகிச்சைத் துறைகளில் டி.ஓ. பட்டதாரிகளுக்குப் போட்டி கடினம் என்பது உண்மை. ஆனால் குடும்ப மருத்துவம், உள்மருத்துவம், குழந்தை மருத்துவம், மனநல மருத்துவம், அவசரச் சிகிச்சை எனப் பரந்த பரப்பில் அவர்கள் நிறைந்திருக்கிறார்கள். உங்கள் மாநிலத்தின் ரோவன் பல்கலைக்கழகம் எம்.டி. கல்லூரி ஒன்றையும் டி.ஓ. கல்லூரி ஒன்றையும் நடத்துகிறது. உறவினர்களிடம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்குமே என்ற காரணத்துக்காக ஒரு பெண்ணின் மருத்துவ வாழ்க்கையைப் பணயம் வைக்கக் கூடாது.

கரீபியன் கல்லூரிகளை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்றால், அங்கே சேர்வது எளிது, சேர்ந்த பிறகு வரும் வடிகட்டல் கடுமையானது. ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் மேட்ச் முறையில், 2024இல் அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களில் சுமார் 93 விழுக்காட்டினருக்கும், டி.ஓ. மாணவர்களில் சுமார் 92 விழுக்காட்டினருக்கும் முதலாம் ஆண்டு ரெசிடென்சி இடம் கிடைத்தது. வெளிநாட்டுக் கல்லூரிகளில் படித்த அமெரிக்கக் குடிமக்களுக்குக் கிடைத்தது சுமார் 67 விழுக்காடு. இந்த 67, மேட்ச் வரை வந்து சேர்ந்தவர்களின் கணக்கு; வழியிலேயே தேர்வில் தோற்றோ கடன் தாங்காமலோ நின்றுவிட்டவர்கள் இதில் இல்லை. கிரெனடாவின் செயின்ட் ஜார்ஜஸ் போன்ற பழைய கல்லூரிகளில் படித்துச் சிறந்த மருத்துவர்களானவர்கள் ஏராளம். அவர்கள் அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் ஆண்டையும் தாண்டக்கூடிய படிப்புப் பழக்கம் உடையவர்கள். அந்தப் பழக்கம் இன்னும் உருவாகாத நிலையில் மகளைத் தீவுக்கு அனுப்பினால், குறைந்த ஜிபிஏவுக்கான காரணம் அப்படியே உடன் போகும். குடும்பமும் நண்பர்களும் அருகில் இருக்கமாட்டார்கள். எம்.டி., டி.ஓ. இரண்டுக்கும் ஒழுங்காகத் தயாராகி விண்ணப்பித்து, இரண்டு சுற்றிலும் இடம் கிடைக்காவிட்டால் அப்போது பேசலாம். இந்தியாவுக்கு அனுப்பும் யோசனைக்கும் இதுவே பதில். அங்கே நீட் தேர்வு எழுத வேண்டும், திரும்பி வரும்போது அதே வெளிநாட்டுப் பட்டதாரிகளின் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

விண்ணப்பத்தின் பிற பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோயாளிகளோடு நேரடியாகப் பழகிய அனுபவம் கட்டாயம். மருத்துவமனை உதவியாளர், மருத்துவரின் குறிப்பெழுத்தர், ஆம்புலன்ஸ் பணியாளர் என்று சம்பளம் தரும் வேலைகளே உண்டு, போஸ்ட்-பேக் ஆண்டில் அவை பொருந்தும். 5,300 எழுத்துகளுக்குள் எழுதவேண்டிய தன்விளக்கக் கட்டுரையில் ஜிபிஏவுக்கு அதிகபட்சம் நான்கைந்து வாக்கியங்கள்: என்ன நடந்தது, என்ன மாற்றினேன், விளைவு எந்தப் பாடங்களில் தெரிகிறது. பேராசிரியரைக் குறை சொல்வதும், கண்ணீர் வரவழைக்க முயல்வதும் வேண்டாம். கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஏஏஎம்சி நடத்தும் எம்எஸ்ஏஆர் தரவுத்தளத்தில் ஒவ்வொரு கல்லூரியின் சராசரியை விட்டுவிட்டுப் பத்தாவது விழுக்காட்டு நிலையின் ஜிபிஏ, அதாவது பத்தில் ஒருவர் மட்டுமே அதற்குக் கீழே இருக்கும் எண், என்ன என்று பாருங்கள். அது 3.3 என்றால் கதவு திறந்திருக்கிறது, 3.7 என்றால் அங்கே கட்டணத்தை வீணாக்க வேண்டாம். பல அரசுக் கல்லூரிகள் தம் மாநிலத்தவருக்கே முன்னுரிமை தருகின்றன. மிசிசிப்பி போன்ற சில கல்லூரிகள் வெளி மாநிலத்தவரை எடுப்பதே இல்லை. டெக்சாஸில் குடியிருப்பவர்களுக்கு, பத்தாண்டுகளுக்கு முந்தைய கல்லூரிப் பாடங்களை முற்றிலும் ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க ஒரு மாநிலச் சட்டமே வழி செய்கிறது. உங்கள் மகளுக்குப் பயன்படாது, ஆனால் இதைப் படிக்கும் முப்பது வயதைத் தாண்டிய யாருக்காவது பயன்படலாம்.

பணத்தைப் பற்றியும் முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு முதுநிலை, தொழிற்படிப்பு மாணவர்களுக்கான கிராட் பிளஸ் கூட்டாட்சிக் கடன் இல்லை. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்பது உச்சவரம்பு. சாதாரண முதுநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர்தான். எஸ்எம்பி, தனியார் டி.ஓ. கல்லூரி, கரீபியன் கல்லூரி மூன்றையும் எடைபோடும்போது இந்த வரம்புகள் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். மாநில அரசுக் கல்லூரியின் மதிப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது.

உங்கள் குடும்பத்தின் குடிவரவு நிலையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். மகள் குடியுரிமையோ பச்சை அட்டையோ பெற்றவர் என்றால் மேலே சொன்னவை அப்படியே பொருந்தும். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் வளர்ந்து 21 வயதில் மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறியவர் என்றால் நிலைமை வேறு. பன்னாட்டு மாணவர்களை ஏற்கும் மருத்துவக் கல்லூரிகள் குறைவு. அவற்றில் சில, பல ஆண்டுகளுக்கான கட்டணத்தை முன்கூட்டியே காட்டச் சொல்கின்றன. கூட்டாட்சிக் கடனும் கிடையாது. அந்த நிலையில் ஜிபிஏவுக்கு முன்னால் ஒரு குடிவரவு வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

இனி நாட்காட்டி. வரும் ஆகஸ்டு முதல் மே வரை நான்காம் ஆண்டு: பருவத்துக்கு இரண்டு கடினமான அறிவியல் பாடங்களுக்கு மேல் வேண்டாம், எடுத்தவற்றில் ஏ. அதன்பின் ஓராண்டு போஸ்ட்-பேக், கூடவே நோயாளிகளோடு பழகும் வேலை. அந்த ஆண்டின் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் எம்கேட், ஒரே முறை. விண்ணப்பம் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும். சேர்க்கை வரிசைக்கிரமமாக நடப்பதால், சமர்ப்பிக்க இயலும் முதல் வாரத்திலேயே எம்.டி., டி.ஓ. இரண்டுக்கும் அனுப்பிவிட வேண்டும். அந்தக் கோடையில் கல்லூரிகள் கேட்கும் துணைக் கட்டுரைகள், இலையுதிர் காலத்தில் நேர்காணல்கள், அடுத்த ஆகஸ்டில் வகுப்பு. அப்போது மகளுக்கு 24 வயது இருக்கும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் முதலாம் ஆண்டு மாணவர்களின் சராசரி வயதும் அதுதான். பாதிக்கும் மேற்பட்டோர் பட்டத்துக்குப் பின் ஓராண்டாவது இடைவெளி விட்டே வருகிறார்கள். ஆகவே வயது போய்விடுமே என்று அவசரப்படத் தேவையில்லை. இலையுதிர் காலப் பாடப் பதிவு இன்னும் மாற்றக்கூடியதாகவே இருக்கும். இந்த வாரமே பல்கலைக்கழகத்தின் மருத்துவ முன்படிப்பு ஆலோசகரிடம் மகள் தனியாக நேரம் கேட்டு, தன் முழு மதிப்பெண் பட்டியலோடு போய்ப் பார்க்கட்டும்.